நூற்றுப் பதினேழு பந்துகள்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தது. எங்கள் வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை, எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த முறுக்கும் அதிரசமும் ஆறு டப்பா சேர்ந்துவிட்டன. நான்கு டப்பாவை ஆபீசுக்குத் தூக்கிப் போனேன். மத்தியானத்துக்குள் காலி.

இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர் மயில்சாமி. ஆறு வருஷமாக "நீ அங்க என்னதான் பண்றே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஒரே ஒருமுறை எழுதிவைக்கிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். ஒருவன் பந்தை வீசுகிறான். ஒருவன் மட்டையோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் பெரிய கையுறை போட்ட ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறான். மட்டைக்காரனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் உண்டு. பந்து கட்டத்துக்குள் போனால் ஸ்ட்ரைக், வீசியவனுக்கு லாபம். வெளியே போனால் மட்டைக்காரனுக்கு லாபம். பெரிய லீக்குகளில் இதை ரேடார் பார்த்துக்கொள்ளும். சின்ன ஊர் லீக்குகளுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஒரு கேமரா, இங்கே சரவணம்பட்டியில் நாங்கள் பன்னிரண்டு பேர். வீடியோவை நிறுத்தி, பந்து கடந்த இடத்தில் ஒரு சொடுக்கு. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் முந்நூறு சொடுக்கு. இதுதான் என் உத்தியோகம். போதுமா?

"அமெரிக்காக்காரன் கில்லி தாண்டறதுக்குக் கோயமுத்தூர்ல கணக்கு" என்பார். மோட்டார் காயில் சுற்றுகிறவருக்கு எல்லாமே கில்லிதான்.

மேனேஜர் ரகோத்தமன் சார் எல்லாரையும் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஒரு பெரிய கிளப் சின்ன லீக்குகளிலிருந்து நாற்பது வீச்சாளர்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஆட்டமில்லாத இந்த மாதங்களில் அவர்களுடைய எண்களை அலசி, யார் தேறுவார் யார் தேறமாட்டார் என்று நாம் வரிசைப்படுத்த வேண்டும். முதல் பதினாறு பேருக்குப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு போகும். டிசம்பர் பன்னிரண்டு கடைசி நாள். இரண்டு, ஜனவரியில் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர்தான் இருப்போம். யார் என்பதைச் சுவரில் இருக்கும் பிழை விகிதப் பலகை முடிவு செய்யும்.

பலகையில் முதல் வரி: 07, கோகிலவாணி. நான்கு வருஷமாக அந்த வரி அங்கேதான் இருக்கிறது. எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. ஒன்பதாவது வரி பெனாசிர். என் பக்கத்து நாற்காலி.

நவம்பர் 7, வியாழன்

நாற்பதில் இருபது எனக்கு, இருபது பெனாசிருக்கு. என் பங்கில் கடைசி ஆள் வில்மர் ட்ரெஹோ. இடது கை. முப்பத்து மூன்று வயது. தொப்பை வேறு. வேகம் கிடையாது. கட்டத்தின் ஓரத்தில், மட்டைக்கு எட்டியும் எட்டாமலும் பந்தை வைக்கத் தெரியும், அது ஒன்றுதான் சரக்கு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றித் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். நம் ஊர் பஸ் கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தட்டுவது போல.

"இந்தத் தாத்தாவ எதுக்குக்கா லிஸ்ட்ல போட்டாங்க?" என்றாள் பெனாசிர்.

"உனக்கு இருபத்தாறு. முப்பத்து மூணு தாத்தாவா? அப்ப நான் யாரு?"

"நீங்க அக்காக்கா" என்று, வீட்டில் மிஞ்சியதில் நான் கொண்டுபோன அதிரசத்தைக் கடித்தாள்.

எண்கள் அவருக்கு ஆதரவாக இல்லை. ஜூலை கடைசி வாரம் வரை நன்றாக வீசியிருக்கிறார். அப்புறம் ஓரப் பந்துகள் எல்லாம் வெளியே போகின்றன. நாற்பதில் முப்பத்தேழாவது இடம். இந்த வயதில் ஒருமுறை வேண்டாம் என்றால் அடுத்த முறை யாரும் பட்டியலிலேயே சேர்க்கமாட்டார்கள். ஏதோ ஒரு ஊரில் கார் கழுவப் போவார். போகட்டும். நான் என்ன செய்ய?

நவம்பர் 11, திங்கள்

அரிசி இருபத்தைந்து கிலோ வந்தது. கேஸ் புக் செய்தேன்.

ட்ரெஹோவின் பதிவில் ஒரு வினோதம். அவருடைய சொந்த மைதானத்தில் பதினொரு ஆட்டங்கள், அதில் ஆறில் அவர் வீசியிருக்கிறார், மொத்தம் நூற்றுப் பதினேழு பந்து. அதில் முப்பத்தொரு பந்தை நம் பதிவு வெளியே என்கிறது, அம்பயரோ ஸ்ட்ரைக் என்கிறார்.

"அம்பயர் இவருக்கு மாமனாரா?" என்றாள் பெனாசிர். அறிக்கையில் "உள்ளூர் நடுவர் சலுகை பெற்றவர்" என்று எழுதிவிடலாம் என்றாள். அப்படி எழுதினால் இருக்கிற நல்ல பேரும் போகும்.

கையெழுத்துப் போடும் முன் எதிரணி வீச்சாளர்களையும் பார்த்தேன். அவர்களுக்கும் அதே சலுகை! அதுவும் ஒரே பக்கம். அடுத்த பக்கத்தில், நாம் உள்ளே என்று போட்டதை அம்பயர் வெளியே என்கிறார். ஊருக்கே மாமனாராக எந்த அம்பயரும் இருக்க முடியாது.

வீடியோவைத் திறந்தேன். பிடிக்கிறவனின் கையுறையைப் பார்த்தேன். பந்து வருமுன் ஓரிடத்தில் கையுறையைக் காட்டுகிறான். பந்து நேராக அதற்குள் போய் உட்காருகிறது. கையுறை ஒரு இம்மி அசையவில்லை. வெளியே போன பந்து என்றால் கை நீட்டிப் பிடிக்க வேண்டாமா?

அந்த மைதானத்தில் நேர் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதனால் கேமராவைப் பக்கவாட்டில் நட்டிருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் பந்து நான்கு விரற்கடை தள்ளித் தெரியும். அதைச் சரிக்கட்ட, மைதானத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே திருத்திக்கொள்ளும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது தானாக மாறும். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்பில் கையால் மாற்ற வேண்டும். யாரோ மாற்றவில்லை. பதினொரு ஆட்டத்துக்கும், அதற்கு முன் தேர்ந்தெடுத்திருந்த வேறு மைதானத்தின் திருத்தமே ஓடியிருக்கிறது.

அந்த மகானுபாவர் கிடைத்தால் காதைத் திருகிக் கையில் கொடுப்பேன். ஒரு மனுஷனின் பிழைப்பு இது.

நவம்பர் 13, புதன்

பதினொரு ஆட்டங்களின் தேதிகளைப் பார்த்தேன். ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 17 வரை. அந்தத் தேதிகள் எனக்குப் பிடிக்கவில்லை. பதிவு செய்தவர் எண் இருக்கும் பத்தியைத் திறக்கவில்லை. இன்று வேறு வேலை இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

தலைவலி.

நவம்பர் 16, சனி

பெனாசிர் திறந்துவிட்டாள். "அக்கா, ஆளு யாருன்னு பாத்துட்டேன்" என்றாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

07. பதினொரு வரியிலும் 07.

என் காதை நானே திருகிக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வாரம் நான் லேப்டாப்பில் வேலை பார்த்தேன் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். திங்கட்கிழமையே தெரியும். புதன்கிழமை நன்றாகத் தெரியும்.

நவம்பர் 18, திங்கள்

நூற்றுப் பதினேழு பந்து பெரிய விஷயமா? அவர் வருஷம் முழுக்க அறுநூறு வீசியிருக்கிறார். ஐந்தில் ஒரு பங்கு. தொப்பை வேறு. எப்படியும் தேறியிருக்கமாட்டார். அந்த ஊரில் யாருக்கும் என் பெயர் தெரியாது. எனக்கும் அவர் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

நவம்பர் 20, புதன்

ரகோத்தமன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"வாணி மேடம், உக்காருங்க. இது வேற யாருக்குத் தெரியும்?"

"பெனாசிருக்கு."

"கிளையண்டுக்குத் தெரிய வழியே இல்ல. அம்பயர் சலுகைன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுங்க. நாப்பதுல ஒருத்தர் போறதால என்ன ஆயிடப்போகுது? பதினொரு மேட்ச் தப்புன்னு நம்மளே சொன்னா, மீதி ஆயிரம் மேட்ச நம்புவாங்களா? கான்ட்ராக்டே போச்சுன்னா எட்டுப் பேர் இல்ல, ஒருத்தர்கூட இருக்க முடியாது. நீங்க ஃபர்ஸ்ட்ல இருக்கீங்க. ஏன் உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க?"

அவர் பேசியதில் பாதி நியாயம். மீதிப் பாதியை நான் சொன்னேன். "எல்லா ஆட்டத்தையும் இன்னொருத்தர் சரிபாக்கணும்னு ரூல் இருக்குதுங்க சார். இந்தப் பதினொண்ணையும் யாரு சரிபாத்தாங்க?"

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "உங்க வேலைக்குச் செக்கிங் தேவையில்லன்னு நான்தான் விட்டேன்" என்றார். "உங்க மேல இருந்த நம்பிக்கை."

நம்பிக்கையாம். ஜூலையில் லீவு கேட்டபோது இதே அறையில், "சீசன் உச்சத்துல இருக்கு மேடம், லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க, அங்க உக்காந்தே பண்ணுங்க" என்றவர் இவர்தான்.

"பதினொரு ஆட்டத்தையும் முதல்லேர்ந்து நான் போடறேன் சார். எட்டு நாள் லீவு குடுங்க."

"எதுக்கு மேடம் இந்தப் பிடிவாதம்?"

"பிடிவாதந்தாங்க" என்றேன். லீவு கொடுத்தார். ஜூலையில் கிடைக்காதது நவம்பரில் கிடைத்தது.

நவம்பர் 22, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் லேப்டாப். முதல் வேலையாக மைதானத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு ஆட்டம் முடிந்தது. ட்ரெஹோவுக்கு மட்டுமில்லை, அங்கே வீசிய பத்தொன்பது பேருக்கும் போடுகிறேன். என் தவறு ஆள் பார்த்து நடக்கவில்லை, திருத்தமும் ஆள் பார்க்கக் கூடாது.

மயில்சாமி காலையில் பட்டறைக்குப் போகுமுன் பின்னால் நின்று பார்த்தார். "அந்தத் தொப்பி தட்டறவன்தான் உன் ஆளா?"

"அவரேதான்."

"நம்ம வெங்கடாசலம் மாமன் சாடை. பொழச்சுக்குவான்" என்றுவிட்டுப் போனார்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆறு ஆட்டம் ஆயிற்று. விரல் மரத்துவிட்டது. மத்தியானம் தக்காளி ரசமும் அப்பளமும். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

பெனாசிர் போன் செய்தாள். "அக்கா, நீங்க கீழ போனா நான் எட்டாவது ஆயிருவேன். எனக்காகப் பண்றீங்கன்னா வேண்டாம். அந்த இடத்துல உக்காந்து எனக்குச் சோறு எறங்காது."

"உனக்காக இல்ல அம்மிணி. உன்னைய நெனச்சே பாக்கல" என்றேன். உண்மையில் நினைத்தேன், ஒரே ஒரு தடவை. ஆனால் காரணம் அது இல்லை.

"நெசமா?"

"நெசமாத்தான். உன் பங்குல இருக்கற இருபது பேர ஒழுங்காப் பாரு. உன் பிழை விகிதத்துக்கு நான் பொறுப்பில்ல."

சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நவம்பர் 27, புதன்

பத்து ஆட்டம் முடிந்தது. பதினொன்றாவதைத் திறந்தேன். ஆறாவது சுற்றில் ட்ரெஹோ வருகிறார். அவருடைய நான்காவது பந்துக்கும் ஐந்தாவது பந்துக்கும் நடுவே என் பழைய பதிவில் பதினான்கு நிமிட இடைவெளி. காலை 11:06 முதல் 11:20 வரை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுத் துணி துவைத்தேன். துவைத்த போர்வையையே மறுபடி துவைத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலி, மடியில் லேப்டாப். அம்மா உள்ளே. இருபத்தொரு நாளாக அதே நாற்காலி. 11:06க்கு நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். உள்ளே போனேன். அம்மாவின் கை சூடாகத்தான் இருந்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், சொன்னார். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். வெளியே வந்தேன். நாற்காலியில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. ட்ரெஹோ தொப்பியைத் தொடையில் தட்டப் போகிற இடத்தில் வீடியோ நின்றிருந்தது.

நான் உட்கார்ந்தேன். வீடியோவை ஓட்டினேன். அந்தச் சுற்றை முடித்தேன். ஒன்பது பந்து.

ஒன்பது பந்துக்கும் சொடுக்கிவிட்டுத்தான் மயில்சாமிக்குப் போன் செய்தேன். என்னைப் பெற்றவள் உள்ளே கிடக்கிறாள், நான் எவனோ ஒருவன் வீசிய பந்து எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்? மூன்று மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு அப்படியே நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் வந்தப்ப உன் மடியில அது ஓடிட்டிருந்துச்சு. நாந்தான் மூடி வெச்சேன். நீ கவனிக்கல." தண்ணீரைத் திறந்து கையைக் கழுவினார். "எங்கப்பன் போன அன்னைக்கு, டாக்டர் சொன்னப்புறம், நான் பட்டறைக்குப் போயி ஒரு மோட்டாரு கட்டி முடிச்சுப்போட்டுத்தான் ஊட்டுக்கு வந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. உனக்கும் அப்படித்தான் ஆயிருக்கும்."

பதினேழு வருஷம் குடித்தனம் நடத்துகிறோம். இதை இன்றைக்குத்தான் சொல்கிறார்.

அழுதேன். நன்றாகவே அழுதேன். அவர் தோசை வார்த்தார், தீய்த்தார்.

நவம்பர் 29, வெள்ளி

பதினொன்றாவது ஆட்டத்தை முடித்தேன். அந்த ஒன்பது பந்தையும் இரண்டு தடவை பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், நான்கு விரற்கடையைத் தள்ளிவைத்துவிட்டால் ஒன்பதும் மிகச் சரியாக இருக்கின்றன. என் கண் பிசகவில்லை, திருத்தத்தைத்தான் மாற்றவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 4, புதன்

புதிய எண்கள் வந்தன. ட்ரெஹோ முப்பத்தேழிலிருந்து பதினைந்துக்கு வந்திருக்கிறார். பதினைந்துதான். ஒன்றும் சூரப்புலி இல்லை. முப்பத்து மூன்று வயது இடது கைக்காரர், ஓரத்தில் பந்தை வைக்கத் தெரிந்தவர். இருப்பது அவ்வளவுதான், அவ்வளவும் அவருடையது.

பதினாறாவதில் இருந்த கோல்பி என்கிற இருபத்திரண்டு வயது வீச்சாளர் பதினேழுக்குப் போனார். அவருக்கு அழைப்பு இல்லை. அவர் பெயரையும் எழுதிவைக்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்லது செய்தேன் என்று குதிக்கக் கூடாது.

ரகோத்தமன் சார் அறிக்கையைப் படித்தார். "புது நம்பரையே அனுப்பிடலாம். ஆனா ஏன் மாறுச்சுன்னு சொல்ல வேண்டாம். வழக்கமான மறுபரிசீலனைன்னு போட்டுடலாம்" என்றார். எனக்கு அது போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ட்ரெஹோவுக்கு நியாயம், எனக்கு வேலை, சாருக்குக் கான்ட்ராக்ட். எல்லாருக்கும் சுபம்.

ஆனால் பழைய எண்கள் அந்தக் கிளப்பின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன, ஆகஸ்டிலேயே போய்விட்டன. காரணம் சொல்லாமல் புது எண்ணைக் கொடுத்தால் எதை நம்புவார்கள்? சந்தேகம் வந்தால் தொப்பைக்காரரைத்தான் முதலில் கழிப்பார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

வீடியோ கால். அந்தப் பக்கம் கிளப்பின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த மிஸ் ஹோல்ம், நரைத்த கிராப்பு, கையில் பெரிய காபிக் குவளை. இந்தப் பக்கம் ரகோத்தமன் சார், பெனாசிர், நான். பட்டியல் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து வந்ததும் அந்தம்மா நிறுத்தினார். ஆகஸ்டில் நீங்கள் கொடுத்தது வேறாக இருக்கிறதே, நடுவர் சலுகை என்றுதானே எங்கள் ஆட்கள் நினைத்தார்கள், என்றார்.

சார் "வழக்கமான..." என்று ஆரம்பித்தார்.

நான் பேசினேன். என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று எனக்கே தெரியும். இலக்கணத்தை மிதித்துத் துவைத்துக்கொண்டு போனேன். பதினொரு ஆட்டம், லேப்டாப், தண்ணீர்த் தொட்டி, நான்கு விரற்கடை, யாரும் சரிபார்க்கவில்லை, செய்தவள் நான். கையுறை அசையாததை வீடியோ ஓட்டிக் காட்டினேன். ஒரு பந்து, இரண்டு பந்து, ஐந்து பந்து. சார் மேசைக்கடியில் என் காலை மிதிப்பார் என்று எதிர்பார்த்தேன். மிதிக்கவில்லை.

அந்தம்மா குவளையைக் கீழே வைத்தார். அந்த மூன்று வாரம் ஏன் லேப்டாப்பில் வேலை செய்தீர்கள், என்று கேட்டார்.

"என் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துகொண்டிருந்தார்" என்றேன். முதல்முறையாக ஆபீசில் சத்தமாகச் சொன்னேன். அனுதாபம் கேட்டுச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன்.

அந்தம்மா எதையோ குறித்துக்கொண்டார். திருத்திய எண்களை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம், ஒப்பந்தப்படி பிழைக்குப் பொறுப்பான பதிவாளரை எங்கள் வேலையிலிருந்து விலக்கியாக வேண்டும், மன்னிக்கவும், என்றார். கான்ட்ராக்ட் தொடரும்.

கால் முடிந்தது. பெனாசிர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது. அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.

ரகோத்தமன் சார் எழுந்து போகாமல் நின்றார். "அன்னைக்கு நான் உங்களுக்கு லீவு குடுத்திருக்கணும்" என்றார்.

"ஆமாங்க சார், குடுத்திருக்கணும்" என்றேன். பரவாயில்லை சார் என்று சொல்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். தெரு முழுக்க விளக்கு. எங்கள் வாசலில் வைக்கக் கூடாது. அம்மாவின் படத்துக்கு முன்னால் மட்டும் ஒன்று ஏற்றினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

பலகையில் என் பெயர் இப்போது பன்னிரண்டாவது. பெனாசிர் எட்டாவது. பலகைப் பக்கம் தலையைத் திருப்பாமலே போய் வருகிறாள், பைத்தியக்காரி.

ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணங்களால்" என்று இருந்தது. என்ன சொந்தக் காரணம்? எனக்கு என்ன, கல்யாணமா காதுகுத்தா?

அதைக் கோடு போட்டு அடித்தேன். பேனாவால் எழுதினேன்: "ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 17 வரை விடுப்பு மறுக்கப்பட்டதால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பதினொரு ஆட்டங்களைப் பதிவு செய்தேன். மைதானத் திருத்தத்தை மாற்ற மறந்தது என் பிழை. அவற்றை யாரும் சரிபார்க்காதது நிறுவனத்தின் பிழை. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் நானே. அதற்காக நீக்கப்படுகிறேன்."

எச்.ஆர். பெண் வாங்க மறுத்தாள். "இப்படியெல்லாம் எழுதினா ஃபைல்ல வெக்க முடியாது மேடம்."

"அப்ப நான் போகல. நாற்காலியிலயே உக்காந்திருக்கேன். என்ன பண்றீங்களோ பண்ணுங்க."

உட்கார்ந்தேன். மத்தியானம் டிபன் பாக்சைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு ரகோத்தமன் சார் வந்தார். கடிதத்தைப் படித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நிறுவனத்தின் பிழை" என்கிற வரிக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எச்.ஆர். பெண்ணிடம், "ஃபைல்ல வைம்மா" என்றார்.

அவர் மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. பாதி போயிற்று.

ஜனவரி 22, புதன்

மயில்சாமியின் பட்டறையில் காயில் சுற்றுகிறேன். ஒரு காயிலுக்கு எழுபத்திரண்டு சுற்று. ஒன்று குறைந்தாலும் மோட்டார் சூடாகும். முதல் நாளே நான் எண்ணிக்கை தவறாமல் சுற்றியதைப் பார்த்து அவருக்கு வாய் பிளந்துவிட்டது. "இத்தன வருசம் உன்னைய அமெரிக்காக்காரனுக்கு உட்டுட்டனே" என்றார்.

இரண்டு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் முழுசாக எழுதினேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்றில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை கொடுக்கிறார்களோ, வேடிக்கை பார்க்கக் கூப்பிடுகிறார்களோ.

பிப்ரவரி 6, வியாழன்

பெனாசிரிடமிருந்து ஒரு வரி: "அக்கா, தாத்தாவுக்கு முகாம் அழைப்பு வந்திருச்சு."

காயில் அறுபத்தொன்றில் இருந்தது. பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினேன்.

மார்ச் 3, திங்கள்

பயிற்சி முகாமின் ஆட்டத்தைப் பெனாசிர் அனுப்பியிருந்தாள். பட்டறையில் டீ வந்த நேரம் போனை மோட்டார் மேல் சாய்த்துவைத்துப் பார்த்தோம். மயில்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். டீ ஆறியது.

ஏழாவது சுற்றில் வந்தார். புதுச் சட்டை, பழைய தொப்பை. பெரிய மைதானம், ரேடார் எல்லாம் இருக்கிற இடம், என்னைப் போன்றவர்கள் தேவைப்படாத இடம். தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டினார். என் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழுந்தது. சொடுக்க ஒன்றுமில்லை.

வீசினார்.

"உள்ளதான?" என்றார் மயில்சாமி. குரலில் கெஞ்சல். "சொல்லு, உள்ளதான?"

கையுறையைப் பார்த்தேன். பிடிக்கிறவன் ஓரத்தில் காட்டியிருந்தான். பந்து வந்ததும் அந்தக் கை ஒரு சாண் நீண்டு போய்ப் பிடித்தது.

"வெளியே" என்றேன்.

"என்ன வாணி, அவனுக்காக வேலையவே உட்டுப்போட்டு வந்திருக்கறே. வெளியங்கறியே?"

"வெளியே போனா வெளியேதாங்க" என்றேன். ட்ரெஹோ பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி தொப்பியைத் தட்டினார். நான் ஆறின டீயை எடுத்துக் குடித்தேன். "பேசாம இருங்க. அடுத்ததப் பாக்கலாம்."